கருப்புக் கோட்டுக்காரருக்குக் கண்ணீர் அஞ்சலி

அவன் செத்த அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை. அவன் என்றால், ஆறு வருடமாக நான் பைத்தியமாகப் படித்துவந்த சித்திரக்கதையின் நாயகன். கருப்புக் கோட்டு, முகமூடி. ஊரைக் காப்பாற்றிக்கொண்டே ‘நான் நல்லவன்தானா?’ என்று தன்னையே குடைந்துகொள்ளும் பிறவி. கடைசிப் பாகத்தில், ஊரில் வேறொருவன் செய்த கொலையைத் தான் செய்ததாக ஒப்புக்கொண்டு, முகமூடியைக் கழற்றிவிட்டுச் செத்துப்போனான். அழ ஒரு நாதி இல்லை. எனக்குப் பொறுக்கவில்லை. முகமூடி இல்லாத அவன் முகத்தைக் கோட்டோடு நானே வரைந்து, மேலே ‘கண்ணீர் அஞ்சலி’ என்று எழுதி, விடியற்காலையில் ரசிகர்களின் வாட்ஸ்அப் குழுவுக்கு அனுப்பிவிட்டுப் படுத்தேன்.

எழுந்து பார்த்தால் பூரணாங்குப்பத்தில் ஒரு படகும் கடலுக்குப் போகவில்லை. ஊரில் சாவு விழுந்தால் எங்கள் ஆட்கள் தொழிலுக்குப் போகமாட்டார்கள். வாசலில் பத்துப் பேர், ஒருவர் கையில் மாலை. நடுவில் அப்பா ஒன்றும் புரியாமல் நின்றார்.

பக்கத்து வீட்டு அத்தை என்னைக் கட்டிக்கொண்டார். “பிரான்சுல இருக்கற உங்க பெரியப்பாவாடி? கோட்டுல்லாம் போட்டுக்கினு! பாத்து எத்தினி வருசமாச்சு, மூஞ்சே அடையாளம் தெரியல.”

போனைப் பார்த்தேன். அஞ்சலி போயிருந்தது ஊர்க் குழுவுக்கு.

உண்மையைச் சொன்னதும் கூட்டம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. அப்பா மட்டும் சிரிக்கவில்லை. என் புத்தகங்களுக்கு இன்று அடுப்புதான் கதி என்று நடுங்கிப்போனேன்.

போன நேரம் போயிற்று என்று எல்லோரும் கரையில் வலை பின்ன உட்கார்ந்தார்கள். “அப்பிடி இன்னாடி கதை அது? சொல்லு” என்று என்னையும் பிடித்து உட்கார வைத்தார்கள். சொன்னேன்.

“செய்யாத கொலைய எதுக்கு ஒத்துக்கினான்? லூசு!”

“ஊரு நல்லா இருக்கணும்னா ஒர்த்தன் சுமந்துதான்பா ஆவணும்.”

“அப்ப கொன்னவன் ஜாலியா சுத்துவானா?”

பிடித்துக்கொண்டது சண்டை. ரசிகர் குழுவில்கூட இப்படி ஒரு வாதம் நடந்ததில்லை. எனக்குத் தலைகால் புரியாத சந்தோஷம்.

அப்பா வலையிலிருந்து தலை நிமிரவே இல்லை. கடைசியில் கேட்டார். “அவனுக்கு அழ ஆளு இல்லன்னுதானே படம் போட்ட?”

“ஆமாம்பா.”

“ஒரு குப்பமே கடலுக்குப் போவல. இன்னும் இன்னா வேணுமாம் அவனுக்கு?” மாலைக்காரர் பக்கம் திரும்பினார். “வாங்கனது வாங்கிட்ட, அந்தப் படத்துக்கே போட்டு வுடு.”

எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன. கூடவே நேற்றைய பசியும்.

“சோறு போடச் சொல்லுப்பா” என்றேன்.