டூட்டி என்று சொல்லிவிட்டுப் போனவர்

டூட்டி என்ற சொல்லை நான் என்றைக்குமே நம்பியதில்லை. நான் வாத்தியாரம்மாவாக இருந்த பள்ளிக்கூடத்தில், மதியச் சாப்பாட்டு வேளையில் பிள்ளைகள் மண்ணைத் தின்னாமல் பார்த்துக்கொள்வதற்கு டூட்டி என்று பெயர். என் வீட்டுக்காரர் வேலை பார்த்த துறைமுக ஆபீசில், கப்பலில் வந்த சாமானுக்குப் போடும் வரி டூட்டி. ஞாயிற்றுக்கிழமைப் பூசையில் சாமியார் பிரசங்கம் வைத்தால், பெண்டாட்டி புருஷனுக்கு அடங்கி நடப்பதும் டூட்டிதான். முச்சந்தியில் போலீஸ்காரர் வேப்பமர நிழலில் கண்ணை மூடி உட்கார்ந்திருந்தாலும் அவர் டூட்டியில் இருப்பதாகவே சொல்வார்கள். ஒரே சொல் இத்தனை வீட்டில் கை நனைத்தால் சந்தேகம் வராதா?

போதாக்குறைக்கு யுத்தம் வந்தது. ஜப்பான்காரன் குண்டு போடப் போகிறான் என்று பட்டணத்தில் பாதிப் பேர் வீட்டைப் பூட்டிக்கொண்டு ஊர்ப்பக்கம் போய்விட்டார்கள். சாந்தோமில் எங்கள் தெருவில் கம்பத்து விளக்குகளை அணைத்து, ஜன்னல்களுக்குக் கறுப்புத் துணி கட்டச் சொன்னார்கள். எந்த வீட்டில் வெளிச்சம் கசிகிறது என்று பார்க்க, ஏ.ஆர்.பி. என்ற குண்டுவீச்சுக் காவல் படை ஆட்கள் பொழுது சாய்ந்ததும் இரண்டிரண்டு பேராகச் சுற்றினார்கள். ஆபீசில் பெயரைச் சேர்த்துவிட்டார்கள் என்று என் வீட்டுக்காரரும் கையில் பட்டை கட்டிக்கொண்டு கிளம்பினார்.

"எங்கே?"

"டூட்டி."

கல்யாணமாகி ஐந்து வருஷத்தில் அந்த மனுஷர் விளக்கு வைத்த பிறகு வாசற்படி தாண்டியதில்லை. நாடகமோ கச்சேரியோ, "நீ போய்ட்டு வா, நான் குழந்தையைப் பார்த்துக்கறேன்" என்பார். தெருப் பெண்கள் என்னைப் பார்த்து வயிறெரிந்தார்கள். எனக்கும் தலைகால் புரியாத பெருமை. அப்பேர்ப்பட்டவர் நாள் தவறாமல் இருட்டில் இறங்கிப் போனால் நான் என்னவென்று நினைப்பது?

அப்போது எனக்கு ஏழு மாதம். என்னைத் தூத்துக்குடியில் அம்மா வீட்டுக்கு அனுப்பியே தீருவது என்று ஒற்றைக்காலில் நின்றார். தலைப்பிரசவம் தாய்வீட்டில், அடுத்தது புருஷன் வீட்டில் என்பது எங்கள் பக்கத்து வழக்கம். மூத்தவளை அங்கே பெற்று வந்தாயிற்று. மறுபடியும் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய் நின்றால், புருஷன் துரத்திவிட்டான் என்று ஊர் வாயில் போட்டு மெல்லும்.

"நீங்களும் வாங்க. போறேன்."

"எனக்கு டூட்டி இருக்கே."

அதோடு என் தூக்கம் போயிற்று. அவர் கழற்றிப் போட்ட சட்டையை முகர்ந்து பார்த்தேன். வியர்வை வாசனை மட்டும்தான் இருந்தது. ஆனால் வேட்டியில் மண், முழங்காலில் சிராய்ப்பு. கேட்டால் "தடுக்கிடுச்சு" என்பார். மறுநாள் முழங்கையில் சிராய்ப்பு. யார் வீட்டுச் சுவர் ஏறிக் குதிக்கிறாரோ என்று மனம் கண்டபடி ஓடியது. அவருக்குச் சோறு போடும்போது தட்டைக் கொஞ்சம் சத்தமாகவே வைத்தேன்.

கையும் களவுமாகப் பிடித்துவிடுவது என்று ஒரு நாள் மூத்தவளைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டு, அவர் கிளம்பும் முன்பே குறுக்குச் சந்து வழியாகப் போய்த் தெருமுனையில் நின்றேன். அவர் சுவரைத் தடவிக்கொண்டு வந்தார். அங்கே காத்திருந்தது பெண்பிள்ளை இல்லை. குப்பத்திலிருந்து வந்த இன்னொரு ஏ.ஆர்.பி. ஆள். அவன் என் வீட்டுக்காரர் கையைப் பிடித்துக்கொண்டான்.

"சார், தோ பள்ளம் கீது. காலைத் தூக்கி வை."

அவர் மதிலைத் தாண்டுகிறவர்போல் காலைத் தூக்கி வைத்தார். வானத்தில் இன்னும் வெளிச்சம் மிச்சமிருந்தது. தென்னையில் காக்கை வந்து அடைவதுகூட எனக்குத் தெரிந்தது. எதிரே இரண்டு கை தூரத்தில் வயிற்றைத் தள்ளிக்கொண்டு நின்ற என்னை அவருக்குத் தெரியவில்லை.

மாலைக்கண். ஐந்து வருஷமாக நான் பெருமையடித்துக்கொண்ட ஒழுக்கம் அதுதான்.

"என்னங்க" என்றேன். மனுஷர் சட்டென்று அந்த ஆளின் கையை உதறினார்.

"ஆபீசுல தெரிஞ்சா வேலை போயிடும். அதான் சொல்லலை."

"பொண்டாட்டிகிட்ட சொன்னா என்ன போயிடும்?"

கூட இருந்தவன் குறுக்கே புகுந்தான். "வையாதம்மா. எந்த ஊட்ல வெளக்கு எரிஞ்சாலும் சார் கண்ணுல தப்பாது. இருட்டுதான் தெரியாது."

எனக்குச் சிரிப்பு வரவில்லை. என்னை ஏன் ஊருக்குத் துரத்தப் பார்த்தீர்கள் என்று கேட்டேன். என் முகம் இருக்கும் பக்கத்தைக் கொஞ்சம் தவறவிட்டுத் திரும்பிப் பதில் சொன்னார்.

"ராத்திரியில உனக்கு வலி எடுத்தா? தெருவுல ஒரு விளக்கு இல்லை. உன்னை எப்படிக் கூட்டிட்டுப் போவேன்?"

பாவமாக இருந்தது. இத்தனை நாள் மறைத்தாரே என்று ஆத்திரமும் இருந்தது. இரண்டில் எதைக் காட்டுவது என்று தெரியாமல், ஊருக்குப் போகமாட்டேன் என்று மட்டும் சொல்லிவிட்டு வந்தேன்.

அவர் பயந்தது நடந்தது. பொழுது இறங்கி நன்றாக இருட்டிய பிறகுதான் வலி கண்டது. ரிக்ஷா எதுவும் கிடைக்கவில்லை. மூத்தவளைப் பக்கத்து வீட்டில் படுக்க வைத்துவிட்டு, கோயிலுக்குப் பின்னால் கன்னியாஸ்திரீகள் நடத்திய ஆஸ்பத்திரிக்கு நடந்தே போனோம். தனியாக வீட்டில் இருக்கமாட்டேன் என்று அவர் பிடிவாதம் பிடித்ததால் அவர் கையை நான் பிடித்துக்கொண்டேன். கல், சாக்கடை, படுத்திருந்த மாடு எல்லாவற்றையும் சொல்லிச் சொல்லி நடத்திக்கொண்டு போனேன். வலி வந்து நான் நின்றால் அவரும் காலைத் தூக்கிக்கொண்டு நின்றார்.

கதவைத் திறந்த கன்னியாஸ்திரீ, நான் அவர் கையைப் பிடித்துப் படியேற்றுவதைப் பார்த்தார். அவசரமாக ஒரு நாற்காலியை இழுத்து அவரை உட்கார வைத்துவிட்டு, இவருக்கு எத்தனை நாளாக இப்படி என்று என்னிடம் கேட்டார்.