ஒரு கவளத்துக்கும் அடுத்த கவளத்துக்கும் நடுவே

கவளம் வாய்க்குள் போனதும் பக்கத்து வீட்டு இராஜாங்கம் அண்ணன் கையைத் தட்டின் விளிம்பில் வைத்துவிடுவார். உள்ளே போனது இறங்குகிறவரை கை எழும்பாது. கண் பாதி மூடியிருக்கும்.

"மாடுகூட இம்புட்டு நேரம் அசை போடாது" என்பார் சாவித்திரி அண்ணி. "எனக்குப் பாத்திரம் கழுவ வேணாமா?"

அண்ணன் ஒரு விரலைத் தூக்கிக் காட்டுவார். விழுங்கிய பிறகுதான் பேச்சு. "முருங்கக்காய்ல இவ்ளோ இனிப்பு இருக்குன்னு இப்பத்தான்டி தெரியுது."

வலங்கைமான் கடைத்தெருவில் டிராக்டர் பட்டறை வைத்திருப்பவர் அவர். அறுவடைக் காலத்தில் வண்டிகள் வரிசையில் நிற்கும். இவர் ஒரு கையில் ஸ்பேனரும் மறு கையில் சோறுமாக நிற்பார். என் கல்யாணப் பந்தியில் ரசம் ஊற்றிய ஆள் திரும்புவதற்குள் மோருக்குச் சோற்றில் குழி பறித்துவிட்டார். "இப்புடிச் சாப்புட்டாத்தான் சமைச்சவனுக்கு மரியாதை" என்று என் அப்பா பூரித்துப்போனார். இன்று அப்பாவும் இல்லை, அண்ணனிடம் அந்த வேகமும் இல்லை.

அவர் மாறியது அம்மனுக்காக. மீசை அரும்பிய நாளிலிருந்து எங்கள் ஊர்ச் செல்லியம்மன் பல்லக்கில் முன்தண்டு அவர் தோளில்தான். போன வருஷம் வைகாசித் திருவிழாவில், தெரு திரும்பும் இடத்தில், பெருத்த உடம்பைத் தாங்காமல் முழங்கால் மடங்கிவிட்டது. பல்லக்கு சாய்ந்து அம்மன் கழுத்து மாலை மண்ணில் விழுந்தது. யாரும் ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை என்று அண்ணன் அழுதார்.

பல்லக்குத் தூக்குகிறவர்களுக்குத் தலைவர் வைரக்கண்ணு. "ஒடம்பக் கொறச்சுட்டு வாங்கண்ணே. இப்போதைக்கு ஒரு கை மாத்து, அவ்ளோதான்" என்று பக்குவமாகச் சொல்லி, அந்தத் தண்டை வேறொருவர் தோளுக்குக் கொடுத்தார்.

ஆஸ்பத்திரியில் யோகா டாக்டர் கவிப்ரியா சோற்றை நிறுத்தச் சொல்லவில்லை. "சாப்பிடுறோம்னு தெரிஞ்சு சாப்பிடுங்கய்யா. ஒவ்வொரு வாய்க்கும் மூச்சைக் கவனிங்க, ருசியைக் கவனிங்க. அதுவும் ஒரு தியானம்தான். வயிறே போதும்னு சொல்லும்" என்றாராம்.

தியானம் என்று சொன்னதும் அண்ணனுக்கு அம்மன்தான் தெரியும். கண்ணை மூடிக்கொண்டு அவளை மனசுக்குள் வீதி வலம் கூட்டிப் போனார். அவள் தேரடி தாண்டுவதற்குள் தட்டு காலி. அண்ணி மறுசோறு போட்டதும் தெரியாது, தின்றதும் தெரியாது. எடை ஏறிப்போனது.

"சாப்பிடும்போது சாமியையும் நினைக்காதீங்க, சோறு மட்டும்" என்றார் டாக்டர். அண்ணன் ஆடிப்போய்விட்டார். "அது பாவமில்லியா தங்கச்சி?" என்று என்னிடம் கேட்டார்.

அண்ணிதான் அடுப்படியிலிருந்து கத்தினார்: "சோறு மட்டும் யாரு குடுத்தது? அதையே பாத்துத் தின்னுங்க, அவ ஒண்ணும் கோச்சுக்க மாட்டா!"

அன்றிலிருந்து சோற்றைப் பார்த்தார். ரெண்டாம் முறை கேட்பது தானாக நின்றது. சட்டை தொளதொளத்தது. கோயில் படியில் சுவரைப் பிடிக்காமல் ஏறினார். இந்த வைகாசியில், முதல் தெருவுக்கு மட்டும் முன்தண்டு தருவதாக வைரக்கண்ணு சொல்லிவிட்டார்.

தூக்குகிறவர்கள் புறப்பாட்டுக்கு முன் ஒரே பந்தியில் உட்கார்ந்து, ஒன்றாகத்தான் எழ வேண்டும். எங்கள் ஊர் வழக்கம் அது. நான் மண்டபத்து ஓரம் பூக் கட்டிக்கொண்டிருந்தேன். எல்லார் இலையும் காலி. அண்ணன் இலையில் பாதிச் சோறு இருந்தது.

"என்னண்ணே, நெல்லு வெளையட்டும்னு பாக்குறீங்களா?" என்றான் ஒருவன். பந்தி முழுக்கச் சிரிப்பு. வெளியே மேளம் தொடங்கிவிட்டது. குருக்கள் எட்டிப் பார்த்துவிட்டுப் போனார். அண்ணனுக்கு நெற்றியெல்லாம் வேர்வை. கை சோற்றைப் பழைய மாதிரி பெரிசாக உருட்டியது; வாய்வரை போய் நின்றது. உருண்டையை இலையில் வைத்துவிட்டு, அதில் கொஞ்சம் கிள்ளி எடுத்து மெல்லத் தொடங்கினார். யாரையும் நிமிர்ந்து பார்க்கவில்லை.

எதிரே வைரக்கண்ணு இலையை மடித்து, எழுவதற்குக் கை ஊன்றியிருந்தார். அண்ணனை ஒரு நிமிஷம் பார்த்தார். மறுபடி சம்மணம் போட்டு உட்கார்ந்து, மடித்த இலையைப் பிரித்து விரித்து, "மோரு இன்னும் கொஞ்சம் ஊத்துங்கப்பா" என்றார்.