வெயிலில் காய்ந்த பாவாடை

சுங்கை லாலாங்கில், எங்கள் தோட்டத்துத் தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்தில் எனக்கு அடுத்த வீட்டுக்காரர் சுகுமாரன். வயது ஐம்பத்தாறு. சுங்கைப்பட்டாணித் தொழிற்சாலையில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டிக்கொண்டிருந்தவர். மனைவி மருதம்மாளுக்குக் கல்லீரலில் புற்றுநோய் முற்றிவிட்டது, இனி வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று டாக்டர் சொன்ன மறுநாளே வேலையை விட்டுவிட்டார். கஞ்சி காய்ச்சினார், துணி துவைத்தார், தலை பின்னினார். முதல் வாரம் அந்தப் பின்னல் தாம்புக்கயிறு மாதிரி இருந்தது.

ஒன்றே ஒன்றுதான் அவரால் முடியவில்லை. மனைவியின் பாவாடையை வெளிக்கொடியில் காயப்போட மாட்டார். எங்கள் பக்கத்தில் பாவாடை காயும் கொடிக்கு அடியில்கூட ஆண்கள் போகமாட்டார்கள், சுற்றித்தான் போவார்கள். அதனால் எல்லாம் குளியலறைக்குள்ளேயே தொங்கின. அப்படியும் அவர் பாவாடை துவைக்கும் விஷயம் வெளியே தெரிந்துவிட்டது. தோட்டத்துக் கங்காணியைச் சொல்வதுபோல் அவருக்குப் 'பாவாடை மண்டோர்' என்று பட்டம் கட்டிய மகா யோக்கியன் நான்தான்.

மருதம்மாளுக்கு மருந்தைவிட அந்த ஈரவாடைதான் குமட்டியது. "சாகறதப் பத்திக் கவலையில்லங்க. காயாத பாவாடையோட அனுப்பிறாதீங்க. வெயில் வாடையோட ஒண்ணாவது கட்டணும் லா," என்பார். சுகுமாரன் காது கேட்காதவர்போல் கஞ்சியைக் கிண்டுவார்.

அந்த நேரம் பார்த்துக் கோலாலம்பூரிலிருந்து ஒரு தொலைக்காட்சி நாடகக் குழு வந்து, அவர்கள் வீட்டை மூன்று நாளைக்குக் கேட்டது. சாகக்கிடக்கும் கணவன், பணிவிடை செய்யும் மனைவி. அதுதான் கதை. பட்டுச்சேலையில் வந்த நடிகை அழுதுகொண்டே கணவனைப் புரட்டப் பார்த்தார். அவன் அசையவில்லை. பொறுக்கமாட்டாமல் சுகுமாரன் உள்ளே போய், விரிப்பின் ஓரத்தைப் பிடித்து ஒரே இழுப்பில் ஆளைத் திருப்பிப் போட்டார்.

"எங்கண்ணே கத்துக்கிட்டீங்க?" என்றார் இயக்குநர் சுகந்தினி.

நாற்காலியில் சாய்ந்திருந்த மருதம்மாள் முந்திக்கொண்டார். "என்னைப் பொரட்டித்தான் தங்கச்சி. ஆறு மாசமா. நாடகத்துல இப்படி ஒரு ஆம்பளைய ஏன் காட்ட மாட்டேங்கறீங்க?"

"காட்டினா யாரும் நம்ப மாட்டாங்கக்கா."

"நம்பாதவங்கள இங்க வரச் சொல்லு லா."

சுகந்தினி சிரித்துவிட்டார். கதையை மாற்ற வழியில்லை. ஆனால் ஜன்னலுக்கு வெளியே, பக்கத்து வீட்டுக்காரராகச் சுகுமாரனே தன் மனைவியின் துணியைக் காயப்போடுவதாக ஒரு காட்சி வைக்கலாம் என்றார்.

"அப்ப பாவாடை என்னுதா இருக்கட்டும்," என்றார் மருதம்மாள்.

லயமே கூடி நின்றது. வெளிச்சம் சரியில்லை, கோழி குறுக்கே வந்தது என்று ஏழு முறை எடுத்தார்கள். ஏழு முறையும் சுகுமாரன் எங்கள் முன்னால் பாவாடையை உதறிக் கொடியில் போட்டார். முதலில் தலையை நிமிர்த்தவில்லை. நாலாவது முறைக்குப் பிறகு எங்களைப் பார்த்துக்கொண்டே போட்டார். எனக்குத்தான் வெட்கமாக இருந்தது, எங்கே பார்ப்பதென்று தெரியவில்லை.

குழு போன மறுநாள் காலை, கேமரா இல்லாமலே ஆறு பாவாடைகளையும் வெளியே காயப்போட்டார். கொடியின் மறுமுனையை நான் இழுத்துக் கட்டிக்கொடுத்தேன். மத்தியானம் சூடாக ஒன்றை எடுத்துப்போய் மனைவிக்குக் கட்டிவிட்டார். நான் வாசலில் நின்றிருந்தேன். மருதம்மாள் அதை முகர்ந்து பார்த்துக் கண்ணை மூடிக்கொண்டார்.

"போதுங்க. இனி எப்பக் கூப்பிட்டாலும் போவேன்."

சுகுமாரன் அவர் காலருகில் உட்கார்ந்தார். "இன்னும் அஞ்சு காயல மருதா. காஞ்சப்புறம் பேசிக்கலாம்."

கொடியில் கிடந்த ஐந்தும் எப்போதோ காய்ந்துவிட்டன. நான் சொல்லவில்லை.