ஊசி போட்ட கோழி

இந்த ஊரில் பச்சைக் கோழியைவிடச் சுட்ட கோழி விலை குறைவு. டெக்சாஸுக்கு வந்து நான்கு வருடமாகியும் இது என்னை நெருடிக்கொண்டேயிருக்கிறது. அடுப்புக்கும் மசாலாவுக்கும் ஆள்கூலிக்கும் காசு கேட்காமல் ஒருவன் தருகிறான் என்றால் உள்ளே ஏதோ இருக்கிறது. போன ஞாயிற்றுக்கிழமை இரண்டு கோழிகளை வாங்கிவந்து மேசையில் வைத்தேன். ஒன்று, உறுப்பினர் அட்டை காட்டினால்தான் உள்ளே விடும் பெரிய கிடங்குக் கடையில் வாங்கியது. மற்றது வீட்டருகே சூப்பர் மார்க்கெட்டில். கிடங்குக் கோழி பெரிது. காலை இழுத்தால் எலும்பு கையோடு வந்தது, நெஞ்சுக்கறியில்கூடத் தண்ணீர் சொட்டியது. சூப்பர் மார்க்கெட் கோழி சிறிது, கொஞ்சம் வறண்டது, மெல்ல வேண்டியிருந்தது. மெல்ல வேண்டியதைத்தான் நான் நம்பினேன்.

உறையைத் திருப்பிப் பார்த்தேன். கிடங்குக் கோழியில் உப்புக் கரைசல் ஊசிவழி செலுத்தப்பட்டிருப்பதாகப் பொடி எழுத்தில் அச்சிட்டிருந்தார்கள். நான் நம்பிய கோழியிலும் அதே வரி. மறுநாள் சூப்பர் மார்க்கெட்டுக்குப் போய், "ஊசியில் என்ன போடுகிறீர்கள்?" என்று கேட்டேன். கவுண்டரில் நின்ற பெண் என் தோளைத் தட்டாத குறையாக, "கவலைப்படாதீர்கள், குளூட்டன் கிடையாது" என்றாள். கோதுமைப் புரதம் ஒத்துக்கொள்ளாதவன் என்று நினைத்துவிட்டாள் போல. எனக்குப் பின்னால் வரிசை நீண்டிருந்தது. ஒருவர் முகத்திலும் சந்தேகம் இல்லை.

நைனார்பாளையத்தில் அப்பா கறிக்கோழிக் கடை வைத்திருந்தார். கடைக்குப் பின்னாலேயே கொட்டகை. நோய் வராமலிருக்கக் குஞ்சுகளுக்குக் கண்ணில் சொட்டு மருந்து விடுவார், அவ்வளவுதான். நான் கள்ளக்குறிச்சியில் கல்லூரி படித்த நாட்கள் அவை. ஒரு விடுமுறையில் கடையில் நின்றபோது, வாங்க வந்த அம்மாவிடம் பெருமையாக, "எல்லாம் தடுப்பூசி போட்ட கோழிங்க" என்று சொன்னேன். பத்தே நாளில் அது 'ஊசி போட்ட கோழி' ஆகிவிட்டது. ஊசி போட்டுப் பெருக்க வைக்கிறார் என்றார்கள், வாங்க வருவதும் நின்றது. கடையை மூடிவிட்டு அப்பா மூங்கில்துறைப்பட்டு சர்க்கரை ஆலைக்குக் கரும்பு டிராக்டர் ஓட்டப் போனார். வதந்தியைக் கிளப்பியது எதிரே ஆட்டுக்கறிக் கடை வைத்திருந்த ஷரீப் பாய்தான் என்று முடிவுகட்டி, அன்றோடு அவரிடம் பேச்சை நிறுத்தினார். நான் வாயைத் திறக்கவேயில்லை.

சூப்பர் மார்க்கெட்டுக்குப் போய்வந்த அன்று மாலை அப்பாவுக்குப் போன் செய்து, உறையில் இருந்ததைப் படித்துக் காட்டினேன்.

"எழுதியே ஒட்டிக்கிறானா? அப்பவும் வாங்கறாங்களா?" என்றார். "நம்மூர்ல அந்த பாய் வாயால கெட்டோம்டா."

"பாய் இல்லப்பா. தடுப்பூசின்னு நான்தான் ஒரு அம்மாகிட்ட சொன்னேன்."

"இத்தினி வருசமா அவர் மூஞ்சிய பாக்காம போய்க்கினு இருந்தேனேடா" என்று சொல்லிப் போனை வைத்துவிட்டார்.

நான்கு நாள் நான் கூப்பிட்டும் அவர் போனை எடுக்கவில்லை. ஐந்தாம் நாள் அவரே கூப்பிட்டார்.

"பாய் கடைக்குப் போனேன். 'இன்னா வேணும்'னாரு. அரை கிலோன்னேன். வேற ஒண்ணும் கேக்கல. எலும்பு கம்மியா போட்டுக் குடுத்தாரு."

"அது நான்தான்னு சொன்னியாப்பா?"

"நான் எதுக்குச் சொல்லணும்? வந்து நீ சொல்லு."

நேற்று கிடங்குக் கடையில், சூடான கோழிகள் வெளியே வருவதற்காக மக்கள் காத்திருந்தார்கள். நானும் நின்றேன். "பாய், அன்னிக்கு அத சொன்னது நான்தாங்க" என்று வாய்க்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தேன். பின்னாலிருந்தவர் முதுகைத் தொட்டு, "நீங்கள் வரிசையில்தான் இருக்கிறீர்களா?" என்றார். "ஆமாம்" என்று ஓரடி முன்னே நகர்ந்தேன்.