டீ குடிக்கப் போனாராம் ஐவி

1975 அக்டோபர் 3 – 55 பென்ஸ்
அக்டோபர் 10 – 55 பென்ஸ்
அக்டோபர் 17 – 55 பென்ஸ்
அக்டோபர் 24 – 55 பென்ஸ்
மொத்தம் – 2 பவுண்டு 20 பென்ஸ்

ஐவி பியர்ட்ஸ்லியின் சம்பளத்தில் பிடித்த தொகை இது. இங்கிலாந்தின் இல்கெஸ்டன் ஊரில் எங்கள் காலுறை ஆலையில் இருபத்தாறு வருடம் நூல் விட்ட இடங்களைத் தைத்துச் சரிசெய்தவர் ஐவி. நான் அங்கே சம்பளக் கணக்கு எழுதினேன். பிடித்தத்துக்குக் காரணம் என்று அவருடைய பணி அட்டையில் நாலு வாரமும் ஒரே வரியை மேலாளர் எழுதியிருந்தார்: ‘வேலை நேரத்தில் டீ குடிக்கப் போனார்.’

அப்பட்டமான பொய்.

டீயை எல்லாரும்தான் குடிக்கிறார்கள். ஆனால் குடிப்பதற்கு முன்னால் யாராவது அதைப் போட வேண்டுமே. தண்ணீரைக் கொதிக்கவிட வேண்டும், கூஜாவைச் சூடாக்க வேண்டும், இலையைப் போட்டு ஊறவிட வேண்டும், ஊற்ற வேண்டும், கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். இத்தனைக்கும் சேர்த்து அந்த ஊரில் ‘மேஷ்’ என்று ஒரே சொல்தான். நாம் ‘போடுவது’ என்கிறோமே, அதேதான். மணி பத்தானால் பத்து நிமிட இடைவேளை. அதற்குக் கால் மணி முன்பாகவே ஒருவர் எழுந்துபோய் முப்பத்தெட்டுப் பேருக்கும் டீ போட்டு வைப்பார். அந்தக் கால் மணிக்கும் சம்பளம் உண்டு. ஆலை திறந்த நாளிலிருந்து அதுதான் வழக்கம். அந்த வேலை ஐவியுடையது.

செப்டம்பர் கடைசியில் தெற்கிலிருந்து பெல்லாமி என்ற புது மேலாளர் வந்தார். வந்ததும் அறிவிப்பு ஒட்டினார்: ‘தொழிலாளர்கள் பத்து மணி முதல் பத்து பத்து வரை மட்டுமே டீ குடிக்கலாம்.’ போடுவதைப் பற்றி அதில் ஒரு வார்த்தை இல்லை. டீ தானாக ஊறித் தானாக நடந்து வரும் போலிருக்கிறது! அந்த நாலு வாரமும் அவருடைய மேஜைக்கு ஒரு கோப்பை போய்க்கொண்டுதான் இருந்தது. கொண்டுபோனவர் ஐவி. வாங்கிக் குடித்த கையால்தான் அந்த மனிதர் அட்டையில் எழுதினார்.

காசு போனதுகூட ஐவிக்குப் பெரிதில்லை. அட்டையில் கறை இல்லாதவர் ஓய்வு பெறும் நாளில், எல்லா இயந்திரங்களையும் நிறுத்தி, மேலாளரே அவருடைய பெயரைச் சொல்லிக் கைகுலுக்கி வாசல்வரை வந்து அனுப்புவது ஆலை வழக்கம். ஐவிக்கு இன்னும் ஆறு மாதம்தான் இருந்தது.

நாலாவது பிடித்தத்தன்று ஐவி மாடியில் இருந்த பெல்லாமியின் அறைக்கு ஏறிப்போனார்.

“கண்ணு, நான் டீ குடிக்கப் போகல. போடப் போனேன். அதை மாத்தி எழுதிடுங்க.” அங்கே எல்லாரும் எல்லாருக்கும் கண்ணுதான், மேலாளர் உட்பட.

“ரெண்டுக்கும் என்னம்மா வித்தியாசம்? சீட்ல நீங்க இல்ல. அவ்வளவுதான்.”

“வித்தியாசம் இல்லையா? அப்ப இதை நீங்களே போட்டீங்களா?” என்று அவர் முன்னால் இருந்த கோப்பையைக் காட்டினார் ஐவி.

பெல்லாமி கோப்பையை ஓரமாகத் தள்ளிவிட்டுக் கதவைக் காட்டினார்.

திங்கட்கிழமை, அக்டோபர் 27. பத்து மணிக்கு மணி அடிக்கும்வரை ஐவி இருக்கையை விட்டு அசையவில்லை. அடித்ததும் முப்பத்தெட்டுப் பெண்களும் ஆளுக்கொரு கோப்பையும் ஒரு பொட்டலம் டீயிலையுமாக அந்த ஒற்றை அடுப்புக்கு முன்னால் வரிசையில் நின்றார்கள். ஐவி வழக்கமாக வைக்கும் பெரிய பாத்திரத்தை யாரும் தொடவில்லை; அவர்கள் வைத்த சின்னக் கெட்டிலில் நாலு கோப்பைத் தண்ணீர்தான் பிடிக்கும். பத்து பத்துக்கு எட்டுப் பேர் குடித்திருந்தார்கள்.

பெல்லாமி ஓடிவந்தார். “மணி ஆச்சு! எல்லாரும் வேலைக்குப் போங்க!”

“நாங்க இன்னும் குடிக்கலையே,” என்றார் வரிசையின் கடைசியில் நின்ற மேவிஸ். ஆலையிலேயே பெரிய வாய் அவருக்குத்தான். “குடிக்கலாம்னு உங்க நோட்டீஸே சொல்லுது. நீங்க வேணா முன்னால வாங்க கண்ணு, இடம் தர்றோம். பால் மட்டும் நீங்களே கொண்டுவரணும்.”

“ஐவி, இவங்களுக்குச் சொல்லுங்க!”

“நான் எதுக்குச் சொல்லணும்? நான் குடிக்க வந்தவ.”

பதினொன்றே காலுக்குத்தான் இயந்திரங்கள் மறுபடி ஓடின. மதியத்துக்குள் பெல்லாமியே அறிவிப்பைக் கிழித்துவிட்டார். மறுநாள் ஐவி பழையபடி கால் மணி முன்பே எழுந்துபோய் டீ போட்டார்; யாரும் பிடித்தம் செய்யவில்லை. ஆனால் மாடிக்கு மட்டும் கோப்பை போகவில்லை. பெல்லாமி தானே போட்டுக் குடித்தார். நிறத்தைப் பார்த்தால் பாத்திரம் கழுவிய தண்ணீர்தான்.

வழக்கம் திரும்பிவிட்டது. அப்படியென்றால் அது வேலைதான் என்று ஒப்புக்கொண்டாயிற்று. அட்டையைத் திருத்துவதில் என்ன கஷ்டம்? ஒரு சொல்லை அடித்து ஒரு சொல் எழுத வேண்டும், அவ்வளவே. தலைமை அலுவலகம்தான் முடிவு செய்ய வேண்டும் என்றார் பெல்லாமி. ஐவி அங்கே எழுதினார். ‘பரிசீலனையில் உள்ளது’ என்று பதில் வந்தது. மறுபடி எழுதினார். ‘உரிய அதிகாரி விடுப்பில் இருக்கிறார்.’ ஒரு கோப்பை டீயைப் போட்டது யார் என்று கண்டுபிடிக்க எத்தனை அதிகாரிகள் வேண்டும்?

1976 ஏப்ரல் 2, வெள்ளிக்கிழமை ஐவியின் கடைசி நாள். பெல்லாமி மாடியை விட்டு இறங்கவில்லை. அட்டையில் நாலு கறை இருக்கிறதே, இயந்திரங்களை நிறுத்த உத்தரவு இல்லையாம். பத்து மணி இடைவேளைக்கு வழக்கம்போல் ஐவி எழப்போனபோது மேவிஸ் அவர் தோளை அழுத்தி உட்காரவைத்தார்.

“இன்னைக்கு நான் போடுறேன். நீ குடி.”

இருபத்தாறு வருடத்தில் அன்று ஒருநாள்தான் ஐவி குடிக்க மட்டும் செய்தார். “கொஞ்சம் லைட்டா இருக்குடி,” என்றார். சாயங்காலம் இயந்திரங்கள் ஓடிக்கொண்டிருக்க, பையை எடுத்துக்கொண்டு தனியாக வாசலைத் தாண்டிப் போனார்.

பிடித்த 2 பவுண்டு 20 பென்ஸைத் திருப்பிக் கொடுக்கவும், அட்டையில் நாலு இடத்திலும் ‘டீ போடப் போனார்’ என்று திருத்தவும் தலைமை அலுவலகம் அனுமதித்தது. அந்தக் கடைசிக் கடிதம் வந்து சேர்ந்தது 1976 ஏப்ரல் 5, திங்கட்கிழமை.