நீல இன்ஹேலர் தூக்கினால் ஏலம் நிற்கும்

காய்கறி மண்டியில் அவளை எல்லாரும் வெண்கலம் என்றுதான் கூப்பிடுவார்கள். பொழுது விடிந்து தக்காளிக் கூடைக்கு முன்னால் நின்று அவள் ஏலம் கூவினால், கேட்டுக்கு வெளியே லாரி கழுவுகிறவன்கூட ஒரு விலை சொல்லிவைப்பான். அப்படிப்பட்ட தொண்டைக்குக் கீழே ஆஸ்துமா பிடித்த நெஞ்சு. இரண்டும் ஒரே உடம்பில் சண்டையில்லாமல் குடித்தனம் நடத்தத்தான் செய்தன. காலையில் பல் தேய்க்குமுன் ஒரு இன்ஹேலர், அது தினப்படிக்கு. இடுப்புப் பையில் நீல இன்ஹேலர், அது அவசரத்துக்கு.

சுகமாக இருந்ததுதான் வம்பாகப் போயிற்று. "நல்லாத்தானே இருக்கேன்" என்று தினப்படி மருந்தை ஒரு மாதம் விட்டுவிட்டாள். நல்லா இருந்ததே அந்த மருந்தால்தான் என்கிற புத்தி அப்புறம்தானே வரும்!

ஒருநாள் ஏலம் சூடு பிடிக்கிற நேரத்தில் நெஞ்சு இறுகிவிட்டது. தள்ளி நில்லுங்கள் என்று சொல்ல மூச்சில்லை. உள்ளங்கையை விரித்துத் தூக்கினாள். அந்த மண்டியிலோ, கூவுகிறவர் உள்ளங்கையைத் தூக்கினால் ஏலம் முடிந்தது என்று அர்த்தம். அடிமாட்டு விலைக்குக் கேட்டிருந்தவன், "எனக்குத்தான்!" என்று கூடைகளைத் தள்ளிக்கொண்டு போய்விட்டான். சரக்கைக் கொண்டுவந்த தக்காளிக்காரர் தலையில் கை வைத்துக்கொண்டார். மூட்டை தூக்குகிறவர்கள் பாசத்தில் அவளைச் சூழ்ந்துகொண்டு, ஆளுக்கொரு சாக்கை எடுத்து விசிறினார்கள். அதுவும் உருளைக்கிழங்குச் சாக்கு! இருந்த மண்ணெல்லாம் அவள் மூக்குக்குள் போனது. எப்படியோ வாசலுக்கு நகர்ந்து, நிமிர்ந்து உட்கார்ந்து, நீலத்தை இழுத்து மீண்டாள்.

மண்டி முதலாளி சொன்னார்: "இனிமே நீ உள்ள உக்காந்து மூட்டைக்குச் சீட்டு ஒட்டும்மா. கூவ வேற ஆள் போட்டுக்கறேன்."

"அண்ணே, சீக்கு நெஞ்சுக்குத்தான், தொண்டைக்கு இல்ல. டாக்டரைப் பாத்து உடம்பைத் தேத்திட்டு வரேன். வந்து ஒரு வாரம் கூவறேன். சரிப்படலைன்னா நானே பசையை எடுத்துக்கறேன்."

டாக்டரிடம் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டாள். தினப்படி மருந்து திரும்ப ஆரம்பித்தது. மூச்சு சீரானதும் மண்டிக்கு வந்தாள். வந்தவள் கூடையைக் கவிழ்த்துப் போட்டு மேலே ஏறினாள்.

"எல்லாரும் கேட்டுக்கங்க. கையைத் தூக்கினா ஏலம் முடிஞ்சது. நீலத்தைத் தூக்கினா ஏலம் நிக்குது. விலை கேக்கக் கூடாது, ரெண்டடி தள்ளிப் போகணும். சாக்கைத் தொட்டவன் கையை முறிப்பேன். மருந்து இழுத்தும் அடங்கலைன்னா ஆம்புலன்ஸைக் கூப்பிடுங்க."

"தண்ணி தெளிக்கலாமா அக்கா?" என்றார் ஒரு மூட்டைக்காரர்.

"நான் என்ன கீரைக்கட்டா?"

மண்டியே சிரித்தது.

ஐந்து நாள் ஒரு குறையுமில்லை. ஆறாம் நாள், அதே தக்காளிக்காரர் சரக்கு. பக்கத்தில் யாரோ மிளகாய் மூட்டையைத் தொப்பென்று போட, நெஞ்சு பிடித்தது. நீலத்தைத் தூக்கினாள்.

"மறுபடியும் என் தக்காளிதானா!" என்று அவர் முனகினார்.

மண்டி கப்சிப். எல்லாரும் ரெண்டடி பின்னால். ஒரு தடவை இழுத்து மூச்சை அடக்கினாள். பொறுத்து இன்னொரு தடவை. அதுவரை சும்மா நிற்க முடியாத வியாபாரிகள், தங்கள் பக்கமிருந்த கூடையை எட்டிப் பார்த்தார்கள். ஒரு பழத்தைப் புரட்டினார்கள். வெடிப்பில்லை, சொத்தையில்லை. அவசரத்தில் இத்தனை நாள் யார் பார்த்தார்கள்?

"ம், எங்க விட்டோம்?" என்று வெண்கலம் ஒலித்ததும் நாலு பேர் ஒன்றாகக் கத்தினார்கள். விலை எகிறியது.

மறுநாள் விடியுமுன்னே தக்காளிக்காரர் வந்து நின்றார். "அம்மா, என் சரக்குக்கு நீங்கதான் கூவணும். நடுவுல ஒரே ஒருதரம் அந்த நீலத்தை..."

"போய்யா! இது என் மூச்சுக்கு மருந்து, உன் தக்காளிக்கு இல்ல!"

முதலாளி சிரித்துக்கொண்டே பசை டப்பாவை எடுத்துக்கொண்டு போய், தானே சீட்டு ஒட்ட உட்கார்ந்தார். அவள் தொண்டையைச் செருமிக்கொண்டு முதல் கூவலை எடுத்தாள். கேட்டுக்கு வெளியே லாரி கழுவுகிறவன் ஒரு விலை சொன்னான்.