அலமேலு சாத்தாத ஜன்னல்

ஆய்வுக்கூடத்து ஜன்னல்களைச் சாத்தியவள் நான். பழியைத் தூக்கி அலமேலு மேல் போட்டவளும் நான்தான்.

நாலு பேர் முன்னால் பேசக் கூச்சப்படுகிறவள் நான். படித்தது ஐந்தாவது வரை. வாய்விட்டுச் சொல்ல வராததால் எழுதுகிறேன்... பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். மற்றதைப் பொறுக்கும்படி உங்களைக் கேட்க எனக்கு வாயில்லை.

கள்ளக்குறிச்சியில் ஒரு மேல்நிலைப் பள்ளியில், வேதியியல் கூடத்தைப் பெருக்கிக் குடுவைகளைக் கழுவிவைப்பது என் வேலை. இட ஒதுக்கீடு கேட்டு மரங்களை வெட்டிச் சாலையில் போட்டார்களே, அந்தச் சமயம். உளுந்தூர்பேட்டைப் பக்கம் ஒரு வண்டி நகரவில்லை. வெளியூர்ப் பிள்ளைகள் வரவில்லை. ஹாஸ்டலில் தங்கியிருந்த சில பெண்களுக்கு மட்டும் அன்று செய்முறை வகுப்பு நடந்தது. அவர்களில் ஒருத்தி அலமேலு. கல்வராயன் மலைப் பெண். நர்சாகப் போகிறேன் என்பாள்.

மரம் வெட்டியவர்களில் என் தம்பியும் ஒருவன். போலீஸ் துரத்த, பள்ளிப் பின்சுவர் ஏறிக் குதித்து, கூடத்தை ஒட்டிய சாமான் அறையில் வந்து பதுங்கிவிட்டான். மைதானத்தில் பூட்ஸ் சத்தம்... வாத்தியார் அவர்களோடு பேச வெளியே போனார். மைதானத்திலிருந்து கூடத்து ஜன்னல் வழியாகப் பார்த்தால் சாமான் அறை தெரியும். ஜன்னல்களை ஒவ்வொன்றாகச் சாத்திக் கொக்கி போட்டேன். பிள்ளைகள் வாசல் பக்கம் போலீஸை எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்; யாரும் என்னைக் கவனிக்கவில்லை. தம்பியிடம் போய் உட்கார்ந்துகொண்டேன்.

மூலையில் அலமேலு, அழுகிய முட்டை போல நாறுமே, அந்த வாயுவை உப்புக் கரைசலில் விட்டுக்கொண்டிருந்தாள். ஜன்னல் திறந்திருந்தால்தான் அதைத் தொடலாம் என்று வாத்தியார் எத்தனை தடவை சொல்லியிருக்கிறார்! எனக்குத் தெரியாதா? தெரியும். தெரிந்தேதான் சாத்தினேன்...

முதலில் குடலைப் புரட்டிய நாற்றம், சற்று நேரத்தில் இல்லாமலே போனதாம். வாயு போய்விட்டது என்றே பிள்ளைகள் நினைத்தார்களாம்; மரத்துப்போனது மூக்குதான் என்று வாத்தியார் பிறகு சொன்னார். முக்காலி சாய்கிற சத்தம் கேட்டு ஓடினேன். அலமேலு தரையில் கிடந்தாள்.

வாத்தியார் ஓடிவந்து அவளை வெளியே தூக்கிப் போய்க் கிடத்தினார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

"யாரு ஜன்னலச் சாத்துனது?"

"அலமேலுதாங்க. காத்துல ஸ்பிரிட் வெளக்கு அணையுதுன்னு சாத்திச்சு."

எவ்வளவு சுலபமாக வந்தது அந்தப் பொய்! பிள்ளைகள் வழக்கமாக அப்படிச் சாத்துவதுண்டு, எல்லாரும் நம்பினார்கள். கண் விழித்தவளுக்கு அன்று காலை நடந்தது எதுவுமே நினைவில்லை. அதனால் அவளும் நம்பினாள்.

கவனமில்லாத பெண்ணை இனிக் கூடத்துக்குள் விடக்கூடாது என்றார் தலைமையாசிரியர். செய்முறை இல்லாமல் அந்தப் படிப்பு ஏது? அவள் அப்பா வந்து மலைக்குக் கூட்டிப் போய்விட்டார். என் தம்பியோ அன்று சாயங்காலமே கரும்புக் கொல்லை வழியாகத் தப்பிவிட்டான்.

அதற்குப் பிறகு வாத்தியார் எல்லாவற்றையும் மாற்றினார். வாயுக் கருவி திறந்த தாழ்வாரத்துக்குப் போனது. குடுவை நிறைய ஊற்றிய கரைசல் சொட்டுச் சொட்டாகக் குறைந்தது. வாய்க்காலுக்குப் போன அமிலக் கழிவைச் சுண்ணாம்புத் தொட்டியில் கொட்டச் சொன்னார். நல்லதுதானே என்கிறீர்களா? வருஷா வருஷம் புதுப் பிள்ளைகளிடம், அலமேலு என்று ஒருத்தி ஜன்னலைச் சாத்தினாள் என்றுதான் தொடங்குவார். நான் குடுவை கழுவிக்கொண்டே கேட்டிருப்பேன். சில நாள் காலிக் கூடத்தில் அந்த நாற்றம் வரும்... வந்து, சட்டென்று நின்றுபோகும். நின்றபிறகுதான் எனக்குப் பயம்.

வேலையிலிருந்து ஓய்வுபெற்ற பிறகு ஒருநாள், பஸ் ஸ்டாண்டில் ஒருத்தி என் கையைப் பிடித்தாள். தலை நரைத்து, கூலி வேலையில் உடம்பு வற்றியிருந்தது.

"யக்கா, அலமேலு நானு. அன்னிக்கு நான் செஞ்ச வேலைக்கு ஒங்களயும் திட்டியிருப்பாங்க. மனசுல வச்சிக்காதீங்க."

சொல்லியிருக்கலாம். தம்பி செத்தே போய்விட்டான்; இனி யாரைக் காப்பாற்ற? வாயைத் திறந்தேன்...

"இன்னா இப்ப அதுக்கு... வுடு" என்றேன்.

அவள் முகம் தெளிந்தது. என் கையை ஒருமுறை அழுத்திவிட்டு மலை பஸ்ஸில் ஏறிப் போனாள்.

நான் அவளை மன்னித்து அனுப்பியிருக்கிறேன்... நான், அவளை!